பெண்கள் கோல்ஃபில் எது ஜெயிக்க வைக்கிறது: தூரமா, பட்டிங்கா?

சிங்காநல்லூர்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகளுக்கு 13 வயது, கோயம்புத்தூரில் இரண்டரை வருடமாக கோல்ஃப் ஆடுகிறாள், வாரத்துக்கு நாலு நாள். லீவு நாட்களில் பொழுது போக ஆரம்பித்தது, இப்போது ப்ரோ ஆகவேண்டும் என்று நிற்கிறாள். ஆகட்டும், அது அவள் ஆசை. பிரச்சினை என்னவென்றால் இருக்கிற நேரத்தை எதில் போடுவது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. பயிற்சியாளர் சொல்வது தூரம், வேகம், ஜிம். அதெல்லாம் இந்த வயதில் ஏற்றினால்தான் உண்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். என் அப்பா முப்பது வருடம் ஆடியவர். அவர் ‘அதிதி அசோக் தூரம் இல்லாமலே ஒலிம்பிக்கில் நாலாவது வந்தாளே, பிள்ளை கையில் பட்டரைக் கொடு’ என்கிறார். பட்டர் என்றால் குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிப் போடும் கிளப், அதாவது மட்டை. ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க இந்தப் பேச்சுதான். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது, டிவியில் பார்த்துப் பழகியதுதான். பெண்கள் ப்ரோ ஆட்டத்தில் உண்மையில் எந்தத் திறமை ஆளை மேலே கொண்டுபோகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கணக்கு

அக்கா, தாத்தா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பயிற்சியாளர் சொல்வதிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே ஒரு அடியை விட்டுவிட்டார்கள், அது கிரீனை, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை, நோக்கி அடிக்கும் அப்ரோச்.

முன்பெல்லாம் பட் எண்ணிக்கையைத்தான் எண்ணுவார்கள். ஒரு ரவுண்டில் 27 பட் என்றால் நன்றாக பட் செய்தாள், 33 என்றால் சொதப்பினாள் என்று முடிவு கட்டுவார்கள். அந்தக் கணக்கு ஏமாற்றும். கிரீனைத் தவறவிட்டு, பக்கத்தில் நின்று சிப் செய்து (சின்னதாகத் தூக்கி அடித்து), குழிக்கு மூணு அடி தூரத்தில் வைத்து ஒரே பட்டில் போட்டவளுக்கு எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், அதில் பட்டிங் திறமை எங்கே இருக்கிறது? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதற்காகவே ஒரு கணக்கு கொண்டுவந்தார், பெயர் ஸ்ட்ரோக்ஸ் கெயிண்ட். ஆண்களின் ப்ரோ போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் பட்டிங்குக்கு மட்டும் அதை எடுத்துக்கொண்டது. பெண்கள் டூரான எல்பிஜிஏவுக்கு 2021-இல்தான் கேபிஎம்ஜி நிறுவனம் மூலமாக வந்தது, பத்து வருடம் தள்ளி.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு இடத்திலிருந்து பந்தைக் குழியில் போட டூர் ஆட்டக்காரிக்குச் சராசரியாக 3 ஸ்ட்ரோக் ஆகும் என்று வையுங்கள். அவள் அங்கிருந்து ஒரே ஸ்ட்ரோக்கில் குழிக்கு எட்டு அடி தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். எட்டு அடி பட் பாதிக்குப் பாதிதான் விழும், அதனால் அங்கிருந்து சராசரி ஒன்றரை. மூணிலிருந்து ஒன்றரை போக, அடித்த ஒன்றையும் கழித்தால் அரை மிச்சம். அந்த அரை அப்ரோச்சின் சம்பாத்தியம், பட்டருக்கு அதில் பங்கு இல்லை. அந்த பட் விழுந்தால் இன்னொரு அரையை பட்டர் சம்பாதிக்கும். பழைய கணக்கில் ஒரு பட்டில் போட்டாள் என்ற பெருமை முழுக்க பட்டருக்கே போய்விடும்.

இப்படி ஒவ்வொரு அடியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆண்கள் டூரில் முன்னணி ஆட்களுக்கும் சராசரி ஆட்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூணில் இரண்டு பங்கு டிரைவிலும் (ஹோலின் முதல் நீள அடி) அப்ரோச்சிலும் இருப்பது தெரிந்தது. அப்ரோச் மட்டும் 40 சதவீதம் பக்கம், பட்டிங் 15 பக்கம். இது ஆண்கள் கணக்கு, அப்படியே பெண்கள் ஆட்டத்துக்கு எடுத்து ஒட்டக்கூடாது. ஆனால் எல்பிஜிஏவில் வருடம் முழுக்க மேலே நிற்பவர்கள் யார் என்று நீங்களே பார்த்துக்கொண்டு வாருங்கள், அப்ரோச்சுக்கு எடுக்கும் கிளப்பான அயர்ன் கையில் சுத்தமாக இருப்பவர்கள்தான் நிற்கிறார்கள்.

இன்பீ_ரசிகை

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கொரியாவின் இன்பீ பார்க் ஆடியதை நீங்கள் பார்த்தீர்களா இல்லையா?

2013-இல் அந்த வருடத்தின் முதல் மூணு மேஜரையும் (வருடத்தின் பெரிய போட்டிகள்) ஒரே ஆள் ஜெயித்தார், கிராஃப்ட் நபிஸ்கோ, எல்பிஜிஏ சாம்பியன்ஷிப், யுஎஸ் ஓபன். மொத்தம் 7 மேஜர். 2016-இல் கட்டைவிரல் காயத்தால் பல போட்டிகளில் ஆடவே இல்லை, ரியோ ஒலிம்பிக்குக்குப் போகவேண்டாம் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர், போய் 5 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் தங்கம் வாங்கி வந்தார். இவரிடம் தூரம் இருந்ததா? இல்லை. ஸ்விங்கைப் பார்த்தால் தூங்கிக்கொண்டே கிளப்பைத் தூக்குவது மாதிரி இருக்கும், மணிக்கட்டு மடங்குவதே தெரியாது. ஆனால் கிரீனில் கால் வைத்துவிட்டால் முகத்தில் ஒரு சலனம் இல்லை, இருபது அடி பட்டானாலும் குழி தானாக வந்து பந்தை வாங்கிக்கொள்ளும் என்பது போல இருக்கும். கூட ஆடுகிறவளுக்கு ஆறு அடியில் பர்டி (ஹோலுக்கு வைத்த கணக்கான பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைவு) காத்திருக்கும், இன்பீ இருபதடியிலிருந்து முதலில் போட்டுவிடுவார், அதற்குப் பிறகு அந்த ஆறு அடி பத்து அடி மாதிரி ஆகிவிடும். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

தாத்தா கட்சிதான் நான். அக்கா, பட்டரைக் கொடுங்கள்.

எண்கணக்கு

இன்பீ விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்த மாதிரி பட் செய்கிறவர் ஒரு தலைமுறைக்கு ஒருவர் வருவார். ஒரு வாரம் யார் கோப்பையைத் தூக்குவது என்பதை பட்டர் தீர்மானிக்கிறது, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அக்கா கேட்டது 13 வயதுப் பிள்ளைக்கு. இன்பீ மாதிரி பட் செய்தால் போதும் என்று சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினால் அவளிடம் உலகத்திலேயே கஷ்டமான வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

அதிதி கதைக்கு வருகிறேன், ஏனென்றால் தாத்தா அதைத்தான் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை, விடிவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். அன்று சாயங்காலம் நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கியதில் ஊர் இதை மறந்துவிட்டது, நான் மறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக், கசுமிகசேகி மைதானம், ஒரு ரவுண்டுக்குப் பார் 71. அதிதி 67, 66, 68, 68. மொத்தம் 15 அண்டர், அதாவது பாரைவிட 15 குறைவு. வெள்ளியும் வெண்கலமும் 16 அண்டரில் போனது, ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் பிளே-ஆஃப் (சமன் உடைக்கும் கூடுதல் ஆட்டம்) ஆடிப் பிரித்துக்கொண்டார்கள், அமெரிக்காவின் நெல்லி கோர்டா 17 அண்டரில் தங்கம். உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்த பெண், சில மாதம் முன்பு கோவிட் வந்து உடம்பில் இருந்த தெம்பும் போனவர், அம்மாவையே பை தூக்கும் கேடியாக வைத்துக்கொண்டு நாலு நாளும் பதக்க இடத்துப் பக்கத்திலேயே நின்றார். கடைசி ஹோலில் பர்டி விழுந்திருந்தால் பதக்கத்துக்கு பிளே-ஆஃப். விழவில்லை.

அந்த நாலு நாளும் அவர் பையிலிருந்து எடுத்த கிளப்பைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்தப் போட்டியில் ரொம்பக் குறைவான தூரம் அடித்தவர்களில் அவர் ஒருவர். கூட ஆடிய நெல்லி சின்ன அயர்னை எடுக்கும் இடத்தில் இவர் நீளத் தூரத்துக்கான ஹைபிரிட்டையோ ஃபேர்வே உட்டையோ எடுத்து கிரீனில் நிறுத்தவேண்டும். அதை நிறுத்தவும் செய்தார், அங்கிருந்து பட்டும் போட்டார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது, அவ்வளவு பெரிய ஆட்டம் அது. ஆனால் தாத்தா அதைத் தூரம் தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகப் பார்க்கிறார், நான் தூரம் இல்லாததன் விலையாகப் பார்க்கிறேன். அதிதியும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு வேகத்துக்காக உழைத்தார், 2023-இல் ஐரோப்பிய டூரில் கென்யாவிலும் ஸ்பெயினிலும் ஜெயித்தார், அதே வருடம் லாஸ் ஏஞ்சலீஸில் எல்பிஜிஏ போட்டியில் ஹன்னா கிரீனிடம் பிளே-ஆஃப் வரை போனார்.

தூரத்தால் கிடைப்பது அடுத்த அடிக்குச் சின்னக் கிளப். என்னைப் பொறுத்தவரை அதன் பயன் அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய விஷயம்.

ஸ்காபரோ_தம்பி

அக்கா, நான் கனடாவில் இருக்கிறேன், 2019-இல் இங்கே ஆரோராவில் மாக்னா கோல்ஃப் கிளப்பில் சிபி விமென்ஸ் ஓபன் நடந்தபோது ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தனான். நாங்கள் எல்லாரும் போனது புரூக் ஹெண்டர்சனைப் பார்க்க. முந்தின வருடம்தான் அந்தப் பிள்ளை ரெஜைனாவில் ஜெயித்து, 45 வருடத்துக்குப் பிறகு சொந்த நாட்டு ஓபனை எடுத்த கனடாக்காரி என்று பெயர் எடுத்திருந்தது. சனம் முழுக்க அவவுக்குப் பின்னால்தான். அதே குழுவில் கொரியாவின் கோ ஜின்-யங் ஆடினா.

உண்மையைச் சொல்கிறேன், முதல் ஏழெட்டு ஹோல் நான் அவவைக் கவனிக்கவே இல்லை. கவனிக்க அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஃபேர்வே, கிரீன், பர்டி அல்லது பார், அடுத்த ஹோல். பிறகுதான் பக்கத்தில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரர் சொன்னார், இந்தப் பெண் நாலு நாளாக ஒரு போகி (பாரைவிட ஒன்று அதிகம்) கூட அடிக்கவில்லை என்று. 72 ஹோல், ஒரு போகி இல்லை, 26 அண்டர். அதற்கு முதல் போட்டியிலிருந்தே அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த கிழமை போர்ட்லாண்டில் போய்த்தான் 114 ஹோலில் முடிந்தது. டைகர் வுட்ஸ் வைத்திருந்தது 110.

கனபேர் இதை மனவுறுதி என்று சொல்லுவினம். நான் கிட்ட நின்று பார்த்த அளவில் போகி வருவதற்கே அவ இடம் கொடுக்கவில்லை. கிரீனைத் தவறவிட்டால்தானே போகி? 2021-இல் எல்பிஜிஏ சீசனின் கடைசிப் போட்டியான சிஎம்ஈயில் மணிக்கட்டு நோவோடு ஆடி, தொடர்ச்சியாக 63 கிரீனை பார் கணக்குக்கு உரிய ஸ்ட்ரோக்குக்குள் பிடித்து ஜெயித்தா. நோவு என்றபடியால் அந்தக் கிழமை பயிற்சி கூட ஒழுங்காகச் செய்யவில்லை. 63 கிரீன், சும்மா இல்லை. 163 கிழமை உலக நம்பர் 1 ஆக இருந்தவ, அவவைவிடத் தூரம் அடிக்கிறவர்கள் அந்த டூரில் எத்தனையோ பேர்.

டீ_பாக்ஸ்

சரி, பயிற்சியாளர் பக்கம் பேச ஒரு ஆளாவது வேண்டாமா, நான் பேசுகிறேன்.

ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பெண்கள் ஆட்டத்தை எடைபோடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. பந்தை அளக்கும் ட்ராக்மேன் ராடார் வைத்துச் சில வருடம் முன்பு டூர் சராசரி எடுத்தார்கள். முதல் அடிக்கான கிளப்பான டிரைவரின் வேகம் ஆண்களுக்கு மணிக்கு 113 மைல் பக்கம், எல்பிஜிஏவில் 94. ஏழாம் அயர்ன் ஆண்களுக்குக் காற்றில் 172 யார்டு, பெண்களுக்கு 141. சரி, வேகம் குறைவு, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்னொரு எண்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது: டிரைவரை ஆண்கள் சராசரியாக ஒரு டிகிரி பக்கம் கீழ்நோக்கி அடிக்கிறார்கள், எல்பிஜிஏ பெண்கள் 3 டிகிரி பக்கம் மேல்நோக்கி அடிக்கிறார்கள். இருக்கிற வேகத்திலிருந்து ஒரு சொட்டு விடாமல் தூரத்தைப் பிழிந்து எடுக்கிறார்கள். டிரைவரைப் பொறுத்தவரை எல்பிஜிஏ பெண்களின் நுட்பம் ஆண்களைவிடச் சுத்தம் என்று நான் தைரியமாகச் சொல்வேன். வார இறுதியில் ஆடும் ஆண்கள் ரோரி மெக்கில்ராய் வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பார்க்கவேண்டியது லிடியா கோவை.

இப்போது பிரச்சினை எங்கே வருகிறது என்றால் உயரத்தில். வேகம் குறைந்தால் அயர்ன் பந்து அவ்வளவு உயரம் ஏறாது, ஏறாத பந்து இறங்கும்போது படுத்து இறங்கும், கிரீன் காய்ந்து கெட்டியாக இருந்தால் நிற்காமல் ஓடும். சாதாரண வாரத்தில் இது தெரியாது. யுஎஸ் ஓபன் மாதிரி மைதானத்தை நீளமாக்கி கிரீனைக் கல் மாதிரி வைக்கும்போது தெரியும். அங்கே எட்டாம் அயர்னோடு வருகிறவளுக்கு ஒரு கிரீன், ஹைபிரிட்டோடு வருகிறவளுக்கு வேறு கிரீன், ஒரே ஹோல்தான். அதனால்தான் எல்பிஜிஏ பைகளில் ஏழாம் உட், ஒன்பதாம் உட் எல்லாம் கிடக்கிறது, உயரத்திலிருந்து பந்தை இறக்க. இன்றைக்கு ஜூனியரில் வரும் பிள்ளைகள் வேகத்தோடுதான் வருகிறார்கள். 13 வயதில் வேகத்தை விட்டுவிட்டு 20 வயதில் தேடினால் கிடைப்பது கஷ்டம். பயிற்சியாளர் தப்பாகச் சொல்லவில்லை.

எண்கணக்கு

டீ பாக்ஸ், இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. உயரம் பற்றிச் சொன்னது அருமை, நான் அதை விட்டுவிட்டேன்.

வென்லாக்_கேடி

நான் ஊட்டியில் பை தூக்கியவன், இருபத்திரண்டு வருடம். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எண் எல்லாம் எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன் தங்கச்சி.

நல்ல ஆட்டக்காரரையும் சாதாரண ஆட்டக்காரரையும் நான் கிரீனில் விழுந்த தடத்தை வைத்துப் பிரிப்பேன். பந்து கடைசியில் எங்கே நின்றது என்று எல்லாரும் பார்ப்பார்கள். நின்ற இடத்தில் பாதி அதிர்ஷ்டம். மேட்டில் பட்டு உருண்டு குழிப் பக்கத்தில் போய் நின்றால் எல்லாரும் கைதட்டுவார்கள். விழுந்த இடத்தில் புல்லோடு மண்ணும் பெயர்ந்து சின்னப் பள்ளம் இருக்கும், அதுதான் பொய் சொல்லாது. நான் பையை இறக்கி வைத்ததும் முதலில் போய் அந்தப் பள்ளத்தைத் தேடுவேன், முட்கரண்டி போட்டுச் சரிசெய்துகொண்டே மனதுக்குள் குறித்துக்கொள்வேன். 150 யார்டு என்று நான் சொன்னேன், தடம் 138-இல் இருக்கிறது, பந்து உருண்டு கொடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆடியவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஹோலில் முன்னால் ஓடை இருக்கும், அதே அடி, அங்கே உருள இடம் ஏது, தண்ணீரில் போகும்.

ஒரு தடவை மாநில அளவில் ஆடும் ஒரு பெண் பிள்ளை வந்தது, பதினாறு வயது இருக்கும். கூட வந்த ஆண் பிள்ளைகள் எல்லாம் அதைவிட நாற்பது ஐம்பது யார்டு முன்னால் அடித்தார்கள். அந்தப் பிள்ளை முதல் நாள் மூணு ஹோல் ஆடிவிட்டு என்னிடம், ‘அண்ணா, இங்கே எனக்கு ஒரு கிளப் கூடப் போகிறது இல்லையா?’ என்று கேட்டது. ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். கீழே 150 போகிற அடி இங்கே 160-ஐத் தாண்டிவிடும், ஆனால் காலையில் குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், பத்து மணிக்கு வெயில் ஏறினால் மறுபடி மாறும். வந்து மூணு ஹோலில் அதைக் கண்டுபிடித்துக் கேட்ட முதல் பிள்ளை அதுதான், பெரியவர்கள் பலர் மூணு நாள் ஆடிவிட்டு ‘இன்றைக்கு ஸ்விங் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். இரண்டாவது நாள் அந்தப் பிள்ளைதான் முதலில் வந்தது. ஒவ்வொரு கிளப்பும் காற்றில் எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. உருண்டதைச் சேர்க்காமல், காற்றில் மட்டும்.

இன்பீ_ரசிகை

கேடி அண்ணா, இது அழகு. நான் இவ்வளவு வருடம் டிவியில் பார்க்கிறேன், விழுந்த தடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆனால் பட்டரை நான் இன்னும் விடவில்லை. 2025 செப்டம்பரில் குரோகர் குயின் சிட்டி போட்டி, தாய்லாந்தின் ஜீனோ திதிகுல் கடைசி ஹோலில். அந்த வருடம் உலகத்தில் அவரைவிட நன்றாக ஆடியவர் இல்லை. கிரீனுக்கும் வந்தாயிற்று, இரண்டு பட்டில் முடித்தால் கோப்பை. நாலு பட். சார்லி ஹல் ஒரு ஸ்ட்ரோக்கில் எடுத்துக்கொண்டு போனார். நான் டிவியை அணைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எண்கணக்கு

நானும் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. ஆனால் அந்த வருடத்தை முழுசாகப் பாருங்கள். அதே ஜீனோ இரண்டு மாதத்தில் சிஎம்ஈயை இரண்டாவது தடவையாக ஜெயித்தார், சீசன் முழுக்க ஒரு ரவுண்டுக்குச் சராசரி 68.681 ஸ்ட்ரோக். அனிகா சோரன்ஸ்டாம் 2002-இல் வைத்த 68.697, யாராலும் தொடமுடியாமல் இருந்தது, அதைத் தாண்டினார். ஒரு கோப்பையை பட்டர் பறித்தது, வருடத்தைப் பறிக்கவில்லை. நெல்லியையும் பாருங்கள், 2024-இல் தொடர்ந்து 5 போட்டி ஜெயித்தார், நான்ஸி லோபஸும் அனிகாவும் மட்டும் செய்தது. அந்த வருடமே லான்காஸ்டரில் யுஎஸ் ஓபன் முதல் நாள், பார் 3 ஹோலில் 10 ஸ்ட்ரோக். மணல்குழியான பங்கரிலிருந்து அடித்த பந்து கிரீனைத் தாண்டித் தண்ணீரில், பிறகு இன்னும் இரண்டு தண்ணீரில், அன்றைக்கு 80. அதே வருடம் மொத்தம் 7 போட்டி ஜெயித்தவர்தான் அவர். ஒரு நாள், ஒரு ஹோலை வைத்து ஒரு ஆட்டக்காரியின் திறமையை அளக்க முடியாது.

மெதுநடை

யாரும் மனசைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். மன உறுதி என்றால் பிறவிக் குணம் மாதிரி எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அதுவும் பழகக்கூடிய வேலைதான்.

தாய்லாந்து ஆரியா ஜுட்டானுகர்ன். 2013-இல் சொந்த நாட்டில், 17 வயதில், கடைசி ஹோலுக்கு இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலையில் வந்து டிரிபிள் போகி (பாரைவிட மூணு அதிகம்), இன்பீ பார்க் ஜெயித்தார். 2016-இல் ஏஎன்ஏ மேஜரில் கடைசி மூணு ஹோலும் போகி, லிடியா கோ ஜெயித்தார். இரண்டு தடவை ஊரே பார்க்க உடைந்த பிள்ளை. அந்த வருடம் பியா நில்சன், லின் மாரியட் என்ற இரண்டு பயிற்சியாளர்களோடு வேலை செய்தார். அவர்கள் கொடுத்த வேலை ஒன்று: அடிக்கப் பந்திடம் போகும் முன் ஒரு சின்னப் புன்னகை. யாருக்காகவும் இல்லை, உடம்பு இளகுவதற்கு. டிவியில் பார்த்தால் தெரியும், பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பார், உதடு விரியும், அப்புறம்தான் உள்ளே போவார். அதே வருடம் மே மாதத்தில் தொடர்ந்து மூணு போட்டி, ஜூலையில் வோபர்னில் பிரிட்டிஷ் ஓபன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அவ்வளவு பலமாக அடிப்பவர், ஆனால் டிரைவரைத் தொடாமல் மூணாம் உட்டும் இரண்டாம் அயர்னும் வைத்து ஜெயித்தார். தன்னிடம் இருக்கும் பலத்தில் எதை வெளியே எடுக்கக்கூடாது என்று தெரிந்திருந்தது.

கிம் இன்-கியுங் என்று ஒருவர். 2012-இல் மேஜரின் கடைசி ஹோலில் ஒரு அடி பட், விழுந்தால் கோப்பை. குழி விளிம்பைச் சுற்றி வெளியே வந்தது, பிளே-ஆஃபிலும் தோற்றார். கையை வாயில் பொத்திக்கொண்டு நின்ற அந்தப் படத்தை மறக்கமுடியாது. 2017-இல் கிங்ஸ்பார்ன்ஸில் பிரிட்டிஷ் ஓபன் ஜெயித்தார். நடுவில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் வாரா வாரம் ஒரு அடி பட்டுகளைப் போட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த ஞாபகம் வந்திருக்காதா? எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

சிங்காநல்லூர்_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு தடவை முழுக்க வாசித்தேன், ராத்திரி அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அதிதி பற்றி எண்கணக்கு எழுதியதை வாசித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு ‘ஹைபிரிட் எடுத்தாள் என்பது நிஜம்தான்’ என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் புரிந்தது சரியா என்று சொல்லுங்கள். வேகப் பயிற்சியை நிறுத்தவேண்டாம், ஆனால் அயர்ன் எவ்வளவு தூரம் போகிறது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியவேண்டும். அவளிடம் கேட்டேன், ஏழாம் அயர்ன் எவ்வளவு போகும் என்று. ‘115, நன்றாகப் பட்டால் 120’ என்றாள். அது காற்றிலா உருண்டா என்று கேட்டேன். முழித்தாள்.

வென்லாக்_கேடி

முழித்தது நல்லது தங்கச்சி. ஒரு வேலை சொல்கிறேன். மைதானத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அனுமதி கேட்டுக்கொண்டு, நூறு யார்டில் ஒரு குடையை நடுங்கள். தாத்தா அங்கே பக்கவாட்டில் தள்ளி நிற்கட்டும், நேராக நிற்கவேண்டாம். பிள்ளை ஒரே கிளப்பில் பத்து பந்து அடிக்கட்டும், முழு பலம் வேண்டாம், எப்போதும் அடிப்பது போல. ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் தாத்தா ஒரு காகிதக் கப்பைக் கவிழ்க்கட்டும். நின்ற இடத்தில் இல்லை, விழுந்த இடத்தில். அப்புறம் குடையிலிருந்து காலால் எட்டு வைத்து அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள், இடது வலது ஒரு பக்கம், முன்னே பின்னே ஒரு பக்கம்.

சிங்காநல்லூர்_அம்மா

ஞாயிற்றுக்கிழமை செய்தோம். அப்பா உற்சாகமாகிவிட்டார், டேப் எடுத்துக்கொண்டு வந்தார். அவளுடைய கணக்கு கிராஃப் நோட்டிலேயே புள்ளி வைத்தாள்.

ஏழாம் அயர்ன், பத்து பந்து. இடது வலது எல்லாம் பதினோரு யார்டுக்குள் அடங்கிவிட்டது, அப்பாவுக்கு அதில் பெருமை. முன்னே பின்னேதான் பார்க்கச் சகிக்கவில்லை, ரொம்பக் கிட்ட விழுந்தது 91, ரொம்பத் தள்ளி விழுந்தது 113. ஒன்று கூட 115 இல்லை. அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன், அழவில்லை. நோட்டை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள், ‘அம்மா, கிட்ட விழுந்த நாலும் நான் பலமாக அடிக்கணும் என்று நினைத்து அடித்தது’ என்று. மூணாவது, நாலாவது, எட்டாவது, ஒன்பதாவது பந்து, சரியாக ஞாபகம் வைத்திருந்தாள்.

பயிற்சியாளரிடமும் நோட்டைக் காட்டினோம். அவர் கோபப்படவில்லை, வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டார், வாரத்தில் ஒரு நாள் ஜிம்முக்குப் பதிலாக இதை வைக்கலாம் என்றார்.

டீ_பாக்ஸ்

91-இலிருந்து 113. நான் பத்து வருடமாக ஆடுகிறேன், இப்படி அளந்ததே இல்லை. இந்த வாரம் நானும் செய்யப்போகிறேன்.

வென்லாக்_கேடி

பலமாக அடித்ததுதான் கிட்ட விழுந்தது என்று பிள்ளை தானாகக் கண்டுபிடித்ததே, நான் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது. அந்தக் குடை எந்தப் பக்கம் பார்த்து நட்டீர்கள் தங்கச்சி? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊரில் மேற்கிலிருந்து வருமே, ஆடியில் கேட்கவே வேண்டாம்.

சிங்காநல்லூர்_அம்மா

மேற்குப் பக்கம் பார்த்துத்தான் அண்ணா. காற்று இருந்தது, குடை இரண்டு தடவை சாய்ந்தது. அதை நாங்கள் எழுதவில்லை.

வென்லாக்_கேடி

சரி, அடுத்த ஞாயிறு அதே கிளப், அதே பத்து பந்து. நோட்டில் காற்றுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை.